டீச்சர் பிரித்த தையல்

தையல் டீச்சர் காலமான செய்தி போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான். மணி காலை ஆறரை. செம்பவாங்கில் நாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரம்.

நம் பள்ளி நினைவு மலருக்குப் பள்ளியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு டீச்சரைப் பற்றித்தான் எழுத வருகிறது. வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளை, பிஸ்கட் டின்னில் ஊசி நூல், எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1971. பிரிட்டிஷார் செம்பவாங் கடற்படைத் தளத்தை விட்டுக் கிளம்பிய வருஷம். அங்கே வேலை பார்த்த அப்பாவுக்கு வேலை போயிற்று. வகுப்பில் எத்தனை பேர் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறினார்கள்! நாங்கள் தங்கிவிட்டோம். அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். மெஷினுக்கு அடியில் விழும் வெட்டுத்துணியெல்லாம் எனக்கு. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்றும் இருந்தது.

கைவேலைக் கண்காட்சிக்காக அந்தப் பொம்மைக்குப் பட்டுச் சட்டை தைத்தேன். யாரோ ஒருவர் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய அரக்குப் பட்டு. மூன்று இரவு உட்கார்ந்தேன். டீச்சர் பொம்மையை எடுத்துப் பார்த்தார். கை இரண்டும் கீழே இறங்காமல் விறைத்து நின்றன. ரவிக்கைக்கு விடுவது போலவே தையலுக்கு வெளியே அரை அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்தேன். அக்குளில் துணி மொத்தையாகத் திரண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"பொம்மைக்குத்தானே டீச்சர்."

அவர் பதில் சொல்லவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தார். பிரித்த துண்டுகளை விரலால் நீவி என் மேசையில் அடுக்கிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அன்று அவரை வெறுத்தேன்.

மறு வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபின் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பட்டு நூல் நூலாகப் பிரியாமலிருக்க, சோற்றுக் கஞ்சியை விரல் நுனியால் தொட்டு ஓரத்தில் தடவிக் காயவைத்தார். கால் அங்குலத்துக்கும் குறைவாக விடச் சொன்னார். பக்கங்களை மூடிவிட்டால் அந்தச் சின்ன வளையத்துக்குள் சட்டைக் கையைப் பொருத்தவே முடியாது. அதனால் துணி விரித்தபடி இருக்கும்போதே கையை வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் கை நுனியிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூட வேண்டும். உள்துணிக்கு 'வாயில்' என்ற மெல்லிய வெள்ளைத் துணிதான். பட்டுக்குப் பட்டே கொடுத்தால் தடித்துவிடும். பின்பக்கம் மிகச் சின்ன பிரஸ் பட்டன் இரண்டு.

பொம்மையின் கை இறங்கியது.

"அம்மாகிட்டே காட்டு" என்றார் டீச்சர். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்கு வேலை போனபின் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நம் பள்ளி மூடியதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். 1982இல் சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியும் மூடியது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தேன். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்து மணி நேர விமானப் பயணம்தான். எத்தனையோ தடவை சிங்கப்பூருக்கு வந்து போனேன். 2019 கடைசியில் வந்தபோது, தேக்கா சந்தை மாடியில் டீச்சருக்கென்றே அரை மீட்டர் வெள்ளை வாயில் வாங்கினேன். அவர் யீஷூனில் எந்த அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறார் என்பதுவரை தெரியும். ஒரு நாள் விருந்து, ஒரு நாள் மழை. சரி, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைக் கட்டினேன். பிறகு மேற்கு ஆஸ்திரேலியா இரண்டு வருஷம் எல்லையை மூடிவிட்டது. திறந்தபின் போனேன். டீச்சருக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை என்றார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். போயிருக்க வேண்டும்.

அந்த வாயில் என் அலமாரியில் இருக்கிறது. மடித்த ஓரம் மஞ்சளித்துவிட்டது. பேத்தியின் பொம்மைக்குச் சட்டை தைக்கும்போது உள்துணிக்கு வேறு துணியைத்தான் எடுக்கிறேன்.