1.3-லிருந்து 2.0-க்கு: எஸ்கியூஎல் ஆல்கெமி மாற்றிய அனுபவம்

எங்கள் கிடங்குக் கணக்கு மென்பொருள் பைதானில் எழுதியது. தரவுத்தளத்தோடு பேசுகிற வேலை முழுக்க எஸ்கியூஎல் ஆல்கெமி என்ற திறமூல நூலகத்தின் பொறுப்பு. மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட நூலகம் இது. 2023 ஜனவரியில் 2.0 வந்தபோது நாங்கள் இன்னும் 1.3-இல்தான் இருந்தோம்.

நேரே 2.0-க்குப் போய்விடலாம், உடைவதை உடைய உடையச் சரிசெய்யலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021-இல் வந்த 1.4 இதற்கென்றே செய்யப்பட்ட இடைப்பதிப்பு. பழைய பாணி, புதிய பாணி இரண்டும் அதில் ஓடும். 'எஸ்கியூஎல்ஆல்கெமி_வார்ன்_20' என்ற சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) 1 என்று கொடுத்துவிட்டால், 2.0-இல் வேலை செய்யாத ஒவ்வொரு வரியையும் எச்சரிக்கையாகக் காட்டிக்கொடுக்கும். திறமூல உலகில் அடுத்த பதிப்பின் திட்டத்தை ஆவணத்தில் மட்டும் எழுதிவைப்பவர்கள்தான் அதிகம். இவர்கள் அதை ஓடும் நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

1.4 போட்டுச் சோதனைகளை ஓட்டியதும் திரை முழுக்க எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அதனால் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒரு வகை எச்சரிக்கையை மட்டும் பிழையாக மாற்றுவோம், அதை முழுசாகத் தீர்ப்போம், அப்புறம் அடுத்த வகை. செலக்டுக்குள் பட்டியலாகக் கொடுத்த நெடுவரிசைகளைப் பிரித்து எழுதுவது, வெறும் சரமாக இருந்த எஸ்கியூஎல்லை (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) டெக்ஸ்ட் என்ற அழைப்புக்குள் போடுவது இதெல்லாம் கை வேலை, யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வைத்தது தானியங்கி கமிட், அதாவது மாற்றங்களைத் தரவுத்தளத்தில் தானாக நிலைப்படுத்துவது. பழைய பதிப்பில் இன்செர்ட், அப்டேட் மாதிரியான வாக்கியத்தை எக்ஸிக்யூட் செய்தால், நாம் பரிவர்த்தனை (ஒன்றாகச் சேர்ந்தே நிறைவேறவேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) எதையும் தொடங்கியிருக்காவிட்டால் நூலகமே கமிட் செய்துவிடும். சரமாக எழுதிய எஸ்கியூஎல் என்றால், வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்த்து ஊகித்துக்கொள்ளும்! செலக்ட் மூலம் அழைக்கிற ஸ்டோர்டு ஃபங்ஷன் (தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்த செயல்பாடு) தரவை மாற்றினாலும் அது இதில் அகப்படாது. 2.0-இல் இந்த ஊகம் கிடையாது. நாம் கமிட் சொல்லாவிட்டால், இணைப்பு மூடும்போது எல்லாம் ரோல்பேக், அதாவது செய்த மாற்றங்கள் ரத்து. பிழைச் செய்தி வராது, நிரல் ஒழுங்காக முடிந்ததுபோலவே இருக்கும், அட்டவணையில் மட்டும் வரிசை இருக்காது.

1.4 இதற்கும் எச்சரிக்கை தருகிறது, ஆனால் அந்த வரி ஓடினால்தானே! இரவில் கிடங்கு இருப்பைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டுகளுக்கு எங்களிடம் சோதனையே இல்லை. எனவே சூழல் மாறியைச் சோதனைச் சர்வரிலும் வைத்து, மாதக் கடைசி வேலைகள் உட்பட எல்லாவற்றையும் அங்கே ஓடவிட்டு, பதிவுக் கோப்பிலிருந்து எச்சரிக்கைகளைப் பொறுக்கினோம். கிடைத்த இடங்களில் தனித்தனியாகக் கமிட் சேர்க்கவில்லை. எஞ்ஜின்.பிகின் என்ற வித் தொகுதிக்குள் கொண்டுவந்தோம்; அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே பரிவர்த்தனை, முடிவில் தானாகக் கமிட். பாதியில் விழுந்தால் முழுதும் ரத்தாகும். முன்பு பாதி கமிட் ஆகி நின்ற கணக்குகள் இதனாலேயே ஒழிந்தன.

இன்னொன்று பேக்ரெஃப், இரண்டு மாடல்களின் உறவை இரு பக்கமும் இணைக்கும் வசதி. ஏற்கெனவே செஷனில் (தரவுத்தளத்தில் எழுதவேண்டியவற்றை நூலகம் வைத்திருக்கும் இடம்) இருக்கும் ஆர்டரைப் புதிய ஆர்டர் வரியின் பெற்றோராகக் கொடுத்தால், முன்பு அந்த வரியும் தானாகச் செஷனுக்குள் வந்துவிடும். இப்போது வராது, ஆட் செய்தாக வேண்டும். இதுவும் ஓசையில்லாமல் போகிற வகைதான்.

எங்கள் நிரல் தயாரான பிறகும் பாண்டாஸ் என்ற தரவுப் பகுப்பாய்வு நூலகத்துக்காகக் காத்திருந்தோம். அதன் 1.5 பதிப்பு எஸ்கியூஎல் ஆல்கெமி 2.0-உடன் ஒத்துப்போகாது. பாண்டாஸ் 2.0 வந்ததும்தான் கடைசி அடி வைத்தோம். அந்த நாள் உண்மையில் சப்பென்றுதான் இருந்தது, பதிப்பு எண்ணை மாற்றினோம், ஓடியது.

கிடைத்த லாபத்தில் எனக்குப் பிடித்தது 'மேப்டு' வகைக் குறிப்பு, அதாவது நெடுவரிசையின் தரவு வகையைப் பைதான் குறிப்பாகவே எழுதுவது. நெடுவரிசைக்கு ஆப்ஷனல் என்று எழுதினால் 'நல்' (வெற்று மதிப்பு) அனுமதி, இல்லாவிட்டால் 'நாட் நல்'. வகைச் சரிபார்ப்பானுக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரே வரி போதும். புதிய மாடல்களை மட்டும் இப்படி எழுதுகிறோம். பழைய செஷன்.க்வெரி வரிகளில் கை வைக்கவில்லை. அது மரபுப் பாணி என்று பெயர் பெற்றாலும் 2.0-இல் நீக்கப்படவில்லை, ஓடுவதை எதற்குக் கிளற வேண்டும்?

அடுத்து 2.1. அதில் கிரீன்லெட் என்ற துணை நூலகம் தானாக நிறுவப்படாது, அசின்க் (ஒத்திசைவற்ற முறை) வேண்டுபவர்கள் கேட்டு நிறுவ வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு இயல்பான டிரைவர் (இணைப்பு நூலகம்) சைகோபிஜி2-க்குப் பதில் அதன் மூன்றாம் தலைமுறையான சைகோபிஜி. எங்கள் இணைப்பு முகவரிகளில் டிரைவர் பெயரே இல்லை. இந்த வாரம் அவற்றில் சைகோபிஜி2 என்று வெளிப்படையாக எழுதிவிட்டோம். டிரைவரை எப்போது மாற்றுவது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.