சேம்பு இல்லம்மா, இது அலோகாசியா

மேல் மாடி அக்கா வீடு மாறிப் போறப்ப "லாரியில ஏத்தினா ஒடஞ்சிரும், நீயே வெச்சுக்கம்மா"னு சொல்லி குடுத்துட்டுப் போன செடி இது. அப்பவே என் இடுப்பு உயரம் இருந்துச்சு, ஒவ்வொரு இலையும் முறம் அளவு. பேரு அக்காவுக்கும் தெரியல. அம்மா பாத்த ஒடனே "இது சேம்பு, எஸ்டேட்ல ஓடைக்கரை பூரா கெடக்குமே"னு சொல்லிட்டாங்க. சரி, சேம்புனா தண்ணி ஓரமா வளர்றதுதானேனு நானும் காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ஊத்தி, அடியில இருக்கற தட்டும் எப்பவும் நெறஞ்சே இருக்கற மாதிரி பாத்துக்கிட்டேன்.

கொஞ்ச நாள்லயே காலையில எந்திரிச்சா ஹால் தரையில சொட்டு சொட்டா தண்ணி. ஏர்கான்தான் ஒழுகுதுனு ஆள கூப்பிட்டுப் பாத்தா அதுல ஒன்னும் இல்ல. ஒரு நாள் விடியக்காலம் அஞ்சரைக்கு லைட்டப் போட்டுப் பாக்கறேன், இலை நுனியில முத்து மாதிரி ஒரு சொட்டு நின்னுக்கிட்டு இருக்கு, நான் பாக்கப் பாக்கவே விழுந்துச்சு, அடுத்தது ஊற ஆரம்பிச்சுச்சு. மண்ணு ஈரமா இருந்தா ராத்திரியில வேர் தண்ணிய மேல தள்ளும், அது இலை நுனியில இருக்கற சின்ன ஓட்டை வழியா வெளிய வந்துரும். இது நோய் இல்ல. ஆனா எங்க வீட்டுல மண்ணு காயவே இல்லங்கறதுக்கு அது ஒரு அறிகுறி, எனக்குத்தான் அப்ப புரியல.

அப்புறம் இலை ஒன்னொன்னா மஞ்சளாச்சு, தண்டு அடியில அமுக்கினா கொழகொழனு இருந்துச்சு. அம்மா "சாகறதுக்குள்ள கெழங்க தோண்டி புளிக்கொழம்பு வெச்சிரலாம்"னு சொல்லிட்டு ஒரு தண்ட வெட்டினாங்க, பால் மணிக்கட்டுல பட்டுச்சு, அவ்ளோதான், ராத்திரி வரைக்கும் அரிப்பு, தோல் செவந்து போச்சு. புளித்தண்ணி ஊத்தியும் கேக்கல. "சேம்பும் அரிக்கும், ஆனா இப்படி அரிக்காதே"னு அம்மாவே சொன்னாங்க. அதுலதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு.

வெட்டின தண்டோட ஒரு இலைய பிளாஸ்டிக் பையில சுத்தி எடுத்துக்கிட்டு கோலாலம்பூர் பக்கத்துல இருக்கற சுங்கை பூலோ போனேன். ரோட்டோரம் வரிசையா நர்சரி இருக்கே, அங்கதான். 1930-ல தொழுநோயாளிகளுக்குன்னு தொறந்த குடியிருப்பு அது, அங்க இருந்தவங்களும் அவங்க குடும்பமும் செடி வளர்த்து விக்க ஆரம்பிச்சுதான் இன்னைக்கு கோலாலம்பூர்ல பாதிப் பேரு செடி வாங்க அங்க போறோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்.

அங்க இருந்த சீன ஆண்ட்டி இலைய ஒரு தடவதான் பாத்தாங்க. "கெலாடி இல்ல லா, அலோகாசியா." கெலாடினா மலாய்ல சேம்பு. எப்படினு கேட்டேன். கொஞ்சம் தண்ணிய இலை மேல ஊத்திக் காமிச்சாங்க, அது பரவி ஒட்டிக்கிச்சு. பக்கத்துல இருந்த நெசமான சேம்பு இலையில ஊத்தினாங்க, உருண்டு திரண்டு ஓடிப் போச்சு. பள்ளிக்கூடத்துல மலாய்ல படிச்சமே, கெலாடி இலையில தண்ணி ஊத்தின மாதிரினு, நம்ம தாமரை இலைத் தண்ணி மாதிரி, அதேதான். இன்னொன்னு, சேம்பு இலை தலைய தொங்கப் போட்டுருக்கும், தண்டு இலையில V மாதிரி பிளந்திருக்கற வெட்டுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி சேரும். என்னோடது, மாக்ரோரைசோஸ்னு சொல்ற பெரிய வகை, பளபளனு இலை வானத்தப் பாத்து நிக்கும், தண்டு சரியா அந்த வெட்டுலயே சேரும். ஆனா ஓடோரானு ஒரு அலோகாசியா இருக்கு, அதுக்கு தண்டு சேம்பு மாதிரிதான் சேரும், அதனால ஒரு அடையாளத்த மட்டும் நம்பாதீங்க.

வீட்டுக்கு வந்து தொட்டியக் கவுத்தா ஒரே நாத்தம். கறுத்துப் போன வேரெல்லாம் கத்தியால வெட்டி, வெட்டின எடத்துல மஞ்சத்தூள் தடவி, ஒரு நாள் நெழல்ல ஆற விட்டேன். கையுறை போட்டுக்கிட்டேன், நீங்களும் போடுங்க. ஊசி மாதிரி கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கு அதுல, வாயில பட்டா நாக்கு தொண்டை எல்லாம் வீங்கும், கைக்கொழந்தையோ பூனையோ இருக்கற வீட்டுல எட்டாத எடமா வைங்க. புது மண்ணு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), பெர்லைட் (மண்ணு இறுகாம இருக்கப் போடற வெள்ளைக் கல்துகள்), கரித்துண்டு கலந்து லேசா போட்டேன்.

இப்பல்லாம் வெரல ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாதான் தண்ணி. தட்டுல தேங்கினத அப்பவே வெளிய கொட்டிருவேன், டெங்கி கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கின தண்ணியே போதும். மத்தியான வெயில் நேரா அடிக்கற மேக்குப் பக்க ஜன்னல்ல இருந்து தள்ளி, மெல்லிசு திரைக்குப் பின்னால வெச்சிருக்கேன். ஏர்கான் காத்து பட்டா இலைக்கு அடியில சிலந்திப் பேன் வந்துரும், பொடிப்பொடியா வலை கட்டும். அதுக்கு வாரம் ஒரு தடவ ஈரத்துணியால ரெண்டு பக்கமும் தொடைக்கறேன், வந்துட்டா கொஞ்சம் வேப்பெண்ணெயும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பும் தண்ணியில கலந்து அடிப்பேன். புது இலை வர்றப்ப அடியில இருக்கற பழைய இலை மஞ்சளாகும், அதுக்கு பயப்பட வேணாம்.

தொட்டி மாத்தினப்ப வேருல கோலிக்குண்டு அளவு குட்டிக் கெழங்கு நாலு கெடச்சுச்சு. ஒன்னு மொளச்சு இப்ப மூணு இலை விட்டுருக்கு, அத்தைக்குக் குடுக்கப் போறோம். அம்மா நேத்து மார்க்கர் எடுத்து தொட்டியச் சுத்தி பெரிசா எழுதிட்டாங்க: "அலோகாசியா. சமைக்கக் கூடாது."