மட்டு 691

ஜனவரி 6
கடைசி பீரியடை முடித்த கையோடு தரமணிக்கு ஓடினேன். எலிப்டிக் வளைவுகள் (ஒரு பக்கம் வர்க்கம், மறுபக்கம் கனம் வரும் ஒரு வகைச் சமன்பாடுகள்), முதல் வகுப்பு. பேராசிரியர் போட்டது ஒரே கணக்கு: ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் ஒரு வர்க்கம் வர வேண்டும், எல்லாம் மட்டு 5இல், அதாவது 5ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்து. எண்ணும் வர்க்கமூலமும் சேர்ந்த ஜோடிகளாக எத்தனை தீர்வுகள்? 7 என்றேன். "முடிவிலியில் இருக்கிற புள்ளியை யார் எண்ணுவது?" என்றார். 8. எம்.எஸ்சி.யில் படித்ததுதான், மறந்தே போச்சு.

ஹாஸே தேற்றப்படி இந்த 8, பகா எண்ணான 5ஓடு 1 கூட்டி வரும் 6இலிருந்து அதிகம் விலகாது. எல்லை, பகா எண்ணின் வர்க்கமூலத்தைப் போல் 2 மடங்கு, இங்கே 4.47.

ஜனவரி 13
பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் போக ஆறே பேர். இன்று ராமானுஜனின் டௌ எண்கள். ஒரு முடிவில்லாப் பெருக்கத்தை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரும் கெழுக்கள்: 1, -24, 252, -1472, 4830, -6048... இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது. 1916இல் ராமானுஜன் கவனித்தார், அடுத்த வருடமே மோர்டெல் நிரூபித்தார்.

இன்னொரு ஊகம் அப்படிச் சுலபமாக மசியவில்லை. பகா எண் இடத்தில் உள்ள டௌ, அந்தப் பகா எண்ணின் 11/2 அடுக்கைப் போல் 2 மடங்கைத் தாண்டாது என்பது அது. அதே 2! போன வாரம் வர்க்கமூலம், இப்போது 11/2. ஏன் என்று கேட்டேன். "அடுத்த வகுப்பில்."

ஜனவரி 20
விடைத்தாள் திருத்தல். போகவில்லை. நல்லவேளை, வகுப்பும் தள்ளிப்போனதாம்.

ஜனவரி 27
விடை கிடைத்தது. எலிப்டிக் வளைவுகளின் குடும்பம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வளைவையும் அதனோடே பத்து முறை பெருக்கினால் 11 பரிமாண வடிவம் வருகிறது. அதன் புள்ளிகளை எண்ணும்போது டௌ தலைகாட்டுகிறது. அந்த 11தான் இந்த 11. பகா எண் இடத்தில் உள்ள ஒவ்வொரு டௌவும், அந்தப் பகா எண்ணின் 11/2 அடுக்கு அளவுள்ள இரண்டு எண்களின் கூட்டல், அதனால் 2. வெய்ல் ஊகங்களில் (இப்படிப் புள்ளிகளை எண்ணுவது பற்றியவை) எஞ்சியிருந்ததை பியர் டெலீன் 1974இல் நிரூபித்தபோது ராமானுஜனின் ஊகமும் கூடவே நிரூபணமாகிவிட்டது. வடிவத்தின் நிரூபணம் பாதிதான் புரிந்தது. பரவாயில்லை.

ஜனவரி 28
தூக்கம் வரவில்லை. டௌவுக்கும் வகுத்திகளின் 11ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 691ஆல் வகுபடும் என்றார்களே, கையாலேயே போட்டுப் பார்த்தேன். 2க்கு: 2049 + 24 = 2073, அதாவது 3 × 691. 3க்கு: 177148 - 252 = 176896, 256 × 691. 5க்கு முதல் முறை மீதி வந்தது. ஒரு இலக்கத்தை விட்டிருக்கிறேன். 48828126 - 4830 = 48823296. 70656 × 691.

காலையில் இதைப் பார்த்த மாணவி கேட்டாள்: "டௌ எங்கேயாவது பூஜ்யமாகுமா சார்?" கணிதவியலாளர் லேமர் 1947இல் கேட்டதும் இதையேதான். இன்னும் யாருக்கும் தெரியாது என்றேன். நம்பாமல் பார்த்தாள்.