கொம்பு எழுத்தும் நாலாங்கிளாஸ் பையனும்

டிஸ்லெக்சியானு, அதாவது எழுத்த படிக்கவும் எழுதவும் செரமப்படற கற்றல் குறைபாடுன்னு சொன்னதும் இங்கிலீஷ்ல பி (b), டி (d) மாத்தி எழுதறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. தமிழ்ல அந்த பிரச்சனையே இருக்காது, சொல்றதத்தான அப்படியே எழுதறோம்னு டீச்சர்ஸே எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ஸ்பெஷல் எஜுகேட்டரா வேல பாக்கற எனக்கு அது அப்படி இல்லன்னு தினமும் தெரியுது. தமிழும் இந்த பசங்கள நல்லா படுத்தும், படுத்தற எடம்தான் வேற.

நாலாவது படிக்கற ஒரு பையன் எங்கிட்ட வரான். போர்டுல இருக்கறத அச்சு மாதிரி எழுதிடுவான், எழுதினத படிடான்னா முழிப்பான். ஆனா ஒரு கதைய காதால கேட்டா ஒண்ணு விடாம திருப்பி சொல்லுவான், அப்பாவோட ஷெட்ல எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர்னு கேக்காமயே எடுத்து குடுப்பான். இந்த புள்ளைக்குத்தான் சோம்பேறின்னு பேரு.

"கோழி" எழுத சொன்னா க போட்டு, துணைக்கால் போட்டு, அதுக்கப்பறம் ரெட்டைக்கொம்ப கொண்டு போய் கடைசில ஒட்டுவான். ஏன்டா கண்ணா இப்படின்னு கேட்டேன். "மிஸ், க் சொன்னப்பறம்தான ஓ வருது, கொம்பு மட்டும் ஏன் முன்னாடி?"ன்னான். அவன் காது சரியாத்தான் கேக்குது, நம்ம எழுத்துலதான் வாயில பின்னாடி வர்ற சத்தம் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. கெ, கே, கை மூணுக்கும் இடப்பக்கம், கொ, கோ-க்கு ரெண்டு பக்கமும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துல ணை, லை, னை எல்லாம் பழைய வளைவ விட்டு மத்த எழுத்து மாதிரியே மாறினது இந்த பசங்களுக்கு பெரிய புண்ணியம், ஆனா கொம்போட எடம் மாறல.

அதனால மொதல்ல பென்சிலே கிடையாது, காதுக்குத்தான் வேல. கோ-வ க், ஓ-னு பிரிச்சு சொல்லணும், திரும்ப சேக்கணும். அப்பறம் தட்டுல ரவைய பரப்பி வெரலால எழுதறது, எழுதும்போதே சத்தமா சொல்றது. படிக்கறதுக்கு கார்டு, எழுத்து கருப்புல, கொம்பு செவப்புல. செவப்ப பாத்தா வாய தொறக்காத, வெரல வை, அடுத்த எழுத்த பாத்துட்டு சேத்து சொல்லு, அவ்வளவுதான் ரூல். போன வாரம் "கொய்யா"வ தானாவே நிறுத்தி, வெரல் வச்சு, முழுசா படிச்சான், அவங்கம்மா வாசல்லயே நின்னு கேட்டுட்டு கண்ண தொடச்சுகிட்டாங்க.

எனக்கு ஆத்தாமையா இருக்கறது ஸ்கூல் பக்கம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே கற்றல் குறைபாடு சேந்தாச்சு, இன்னமும் "நல்லா பேசறானே, இவனுக்கென்ன குறை"ன்னுதான் கேக்கறாங்க. பரீட்சைல கொஞ்சம் கூட நேரம் குடுங்க, கேள்விய படிச்சு காட்டுங்கன்னா மத்த பசங்களுக்கு அநியாயமாம். கேள்விய படிக்கவே முடியாதவன்கிட்ட பதில் தெரியலன்னு மார்க்க கொறைக்கறது மட்டும் என்ன நியாயம்?

ல, ள இன்னும் மாறுது, பரவால்ல, அது மெதுவா வரட்டும். அடுத்து உகர வரிசை, அதுல கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, ஒண்ண வச்சு இன்னொண்ண கண்டுபிடிக்கவே முடியாது, அதுக்குத்தான் இப்ப ஒரே மாதிரி வால் இருக்கற எழுத்தெல்லாம் தனித்தனி கட்டா பிரிச்சு கார்டு வெட்டிகிட்டு இருக்கேன்.