பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் தாடி. அந்தப் பக்கத்துப் பற்களில் மட்டும் காரை படிந்திருக்கும், மறுபக்கம் சுத்தம். இப்படி ஒருவர் பல் மருத்துவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், சொத்தையைத் தேடுவதற்கு முன் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பிரஷ் பட்டாலும் பிளேடு பட்டாலும் ஷாக் அடிப்பதால் அவர் அந்தப் பக்கத்தைத் தொடுவதையே விட்டிருப்பார். முகம் கழுவவும் பயம், பேசவும் பயம்.

இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, முகத்துக்கு உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பில் வரும் வலி. வலி சுளீரென்று வெட்டும், அதிகபட்சம் 2 நிமிடத்தில் அடங்கும். அந்த நரம்பின் கீழ்க் கிளைகள் இரண்டும்தான் பற்களுக்கும் போகின்றன, அதனால் வலிப்பவருக்குப் பல் வலியாகவே தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர் வாயில் பழைய அடைப்போ சிறு சொத்தையோ இல்லாமல் இருக்காது. பழி அதன்மேல் விழுகிறது, வேர் சிகிச்சை நடக்கிறது. இந்த நோய் இடையில் தானாகவே சில வாரம், சில மாதம் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்வைச் சிகிச்சையின் வெற்றி என்று நினைத்துவிடுகிறோம். வலி திரும்பும்போது அடுத்த பல்லின் முறை வருகிறது. மரப்பு ஊசியும் ஏமாற்றும்: வலியைத் தூண்டும் இடம் மரத்தால் நரம்பு வலியும் நிற்கும். அதனால் ஊசியில் வலி நின்றது என்பது பல்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி ஆகாது.

நரம்பு வலியில் இன்னொரு வகை, வேர் சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் மந்தமாக, ஓயாமல் வலிப்பது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. மறுபடி வேர் சிகிச்சை, பிறகு வேர் நுனி அறுவை, கடைசியில் பிடுங்கல். பல் போன வெற்றிடத்திலும் அதே வலி நிற்கும். ஒவ்வொரு கீறலும் நரம்பில் புதுக் காயம். வீக்கமோ சீழோ காய்ச்சலோ இல்லாத இந்த வலிக்கு ஆன்டிபயாட்டிக்கை மூன்று முறை மாற்றி எழுதியும் பயனில்லை.

டிரில்லை எடுக்கும் முன் பத்து நிமிடம் போதும். குளிர் ஸ்ப்ரே தெளித்த பஞ்சை முதலில் மறுபக்கத்துப் பல்லிலும் பிறகு சந்தேகப் பல்லிலும் வையுங்கள். எடுத்த பிறகும் வலி நீடித்தால் பல்லின் உள்சதை கெட்டிருக்கிறது. வாய்க் கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டிப் பாருங்கள். பல்லின் ஒவ்வொரு முகடாகக் கடிக்கச் சொல்லுங்கள், கடி விடும்போது சுரீரென்றால் விரிசல். தாடைத் தசையை விரலால் சில நொடி அழுத்தும்போது "இதே வலிதான்" என்றால் பிரச்சினை தசையில். எக்ஸ்ரேயை இரண்டு கோணத்தில் எடுங்கள். எதுவுமே பல்லைக் காட்டவில்லையென்றால் பல்லைத் தொடாதீர்கள்.

சில வலிகள் காத்திருக்காது. ஐம்பது வயதுக்கு மேல், மெல்லும்போது தாடை களைத்து நெற்றிப்பொட்டும் வலித்தால் அது தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; அன்றே அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தாமதித்தால் பார்வை போகலாம். நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் கீழ்த்தாடை வலி இதயத்திலிருந்து வரலாம், அதற்கு இசிஜி. முகம் மரத்திருந்தால் எம்ஆர்ஐ.

நியூரால்ஜியாவுக்குக் கார்பமசெபின் மாத்திரையை 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுவது வழக்கம். ஆசியர்களுக்கு எச்எல்ஏ-பி 1502 மரபணுப் பரிசோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது, அந்த மரபணு இருந்தால் இந்த மருந்தால் தோலே உரியும் ஆபத்து உண்டு. தடிப்பு வந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும், ரத்தத்தில் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் எந்தப் பல்லில் எந்தத் தேதியில் என்ன செய்தோம், அதற்குப் பின் வலி எத்தனை நாள் ஓய்ந்தது என்பதை எழுதி, எக்ஸ்ரேக்களையும் சேர்த்து அனுப்புங்கள். நோயாளியிடம், "வலி நிஜம்தான், ஆனால் அது பல்லில் இல்லை" என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அடுத்த தெருவில் பிடுங்கிக்கொள்வார்.