அவிநாசித் தெருவில் நின்றவர்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் "வாங்க" என்று கேட்க வேண்டும். அடுப்படியில் இருப்பவர் எட்டிப் பார்த்துக் கேட்பார். கட்டிலில் கிடக்கும் அமுச்சி படுத்தபடியே கேட்பார். வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகூட நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்கும். வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள், வந்தவரும் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டுவார். "வீடேறிப் போனோம், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று முறிந்துபோன உறவு கொங்கு நாட்டில் ஊருக்கு நாலு இருக்கும். என் பிறந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் மூன்று வருடமாக நின்றதும் அந்த ஒரு வார்த்தைதான்.

மகள் கல்யாணத்துக்கு அழைக்க நானும் வீட்டுக்காரரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போயிருந்தோம். அண்ணன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். நங்கை திண்ணையில் இருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் சொல்வோம். எங்களைப் பார்த்தார். எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர், நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. கட்டியவர் முன்னால் பிறந்த வீட்டில் அப்படி ஆனால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு அண்ணன் மட்டும் வந்து தாய்மாமன் சீரைக் குறைவில்லாமல் செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

இந்த ஆடிச் சுவாதிக்கு அவிநாசியப்பரைப் பார்க்கப் போனது அந்த வெசனத்தை இறக்கிவைக்க அல்ல. சுந்தரமூர்த்தி நாயனாரின் குருபூஜை நாள் அது. என் அம்மா இருந்தவரை அன்றைக்குத் திருமுருகன்பூண்டியில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து அவிநாசிக்கு நடந்தே போவார். ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டுமே கொங்கேழ் தலங்களில், அதாவது கொங்கு நாட்டில் தேவாரம் பாடப்பெற்ற ஏழு சிவத்தலங்களில் சேர்ந்தவை, இரண்டுமே சுந்தரர் பாடிய ஊர்கள். அம்மா போன பிறகு விட்டுப்போயிருந்ததை இந்த வருடம் எடுத்துச் செய்வோம் என்று திருப்பூரில் முதல் பஸ் ஏறினேன்.

பூண்டியில்தான் சுந்தரர் எல்லாவற்றையும் பறிகொடுத்தார். அவருடைய தோழரான சேர அரசர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் பொருளையும் வேடர்கள் வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். வேடர்களாக வந்தது சிவபெருமானின் பூதகணங்கள். சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போய், இப்படி வழிப்பறி நடக்கிற ஊரில் "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று சாமியையே கேட்கிறார். சின்ன வயதில் இந்த வரியை அம்மா சொல்லும்போது, பக்கத்து வீட்டு மாமனைக் கேட்பது போல இருக்கும். சாமியிடம் உரிமையோடு கேட்டவர் பறிபோனதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போனார். மேற்குப் பார்த்த அந்தச் சன்னதியில் அன்று காலை கூட்டமில்லை. குருக்கள் தீபாராதனையை நிதானமாகக் காட்டினார், கண்குளிரப் பார்த்தேன்.

வெளியே வந்து நடக்கத் தொடங்கினால் வழியெல்லாம் சிற்பக்கூடங்கள். கல் வேலைக்குப் பேர்போன ஊர் பூண்டி. ஒரு தகரக் கொட்டகையில் பெரியவர் ஒருவர் அம்மன் சிலையின் முகத்தில் வேலையாக இருந்தார். இரண்டு தட்டு தட்டுவார். பக்கத்துக் குண்டாவிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து முகத்தில் தடவுவார். தூள் கரைந்து ஓடியதும் கல் கறுப்பாகி, முகம் ஒரு கணம் தெளிவாகத் தெரியும். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். காய்ந்ததும் மறுபடி இரண்டு தட்டு. நான் நிற்பதைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். முகம் முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"நாளுக்குக் கணக்கில்லீங்க. ஒடம்பு பூரா முடிஞ்சிரும், மூஞ்சி நிக்கும். சாமி சிரிக்கோணும்னா ஒதட்டுல உளி வெக்கறாங்க, அது தப்புங்க. கன்னத்துல வெக்கோணும். கன்னம் எளகுச்சுன்னா ஒதடு தானாச் சிரிச்சுக்கும்."

சொல்லிவிட்டு ஈரக் கையால் அம்மன் கன்னத்தைத் தடவினார். பேத்தியின் கன்னத்தைத் தடவுவது போலத்தான் இருந்தது. நான் பார்த்த திண்ணை முகம் ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு நடந்தேன்.

ஆடிக் காற்று என்றால் எங்கள் பக்கத்துக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து நிற்காமல் அடிக்கும். சாலையோரப் புழுதியை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டே இருந்தது. பாதி வழியில் கண்ணில் தூசி விழுந்து கண் திறக்க முடியவில்லை. ஒரு பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணை ஒத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பனியன் கம்பெனி வேனுக்காக நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள், ஒடிசாப் பெண்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டிபன் தூக்கு. அவர்களில் ஒருத்தி, என் மகளைவிடச் சின்னவள், வந்து முன்னால் குந்தினாள்.

"அக்கா, என்ன ஆச்சு? ஏன் அழுறது?"

அழவில்லை, தூசி என்று கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லையோ, நம்பவில்லையோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கண்ணைக் கழுவினேன். வேன் வந்து ஹாரன் அடித்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். "ஒரு நிமிசம் அண்ணா" என்று டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, மறுபடி என் முகத்தைப் பார்த்து, "வீட்ல பிரச்சனையா அக்கா?" என்றாள்.

தூசி போய்விட்டது. ஆனால் அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக என் சங்கதியைக் கேட்ட சொந்தபந்தம் எல்லாம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். உன்மேல் தப்பில்லை என்பார்கள், அவள் குணமே அப்படி என்பார்கள். என்ன ஆச்சு என்று முகத்தைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை. ஊர் தெரியாத, பாஷை தெரியாத பிள்ளை, லேட்டாகப் போனால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்னவோ, என் தோளைத் தட்டிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவிநாசி கோபுரம் தெரிந்தபோது வெயில் ஏறியிருந்தது. காசியில் வாசி அவிநாசி என்பார்கள். தேர் நிலையைத் தாண்டி, கோயிலுக்கு முன்னால் நிற்கும் கல் விளக்குத்தூணைப் பார்த்தபடி செருப்பைக் கழற்றினேன். முதலை பிள்ளையைக் கக்குகிற சிற்பம் அதில் இருக்கிறது. அங்கே ஓர் அம்மா பேரனுக்கு அதைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்கு ஐந்து ஆறு வயது இருக்கும். கேள்வி மேல் கேள்வி.

"உள்ள இருந்தப்ப அவன் என்ன சாப்பிட்டான் ஆத்தா?"

"அவங்கம்மா நெனச்சுட்டே இருந்தாள்ல, அதேதான் சாப்பாடு."

"முதலை முழுங்குனது அந்தச் சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சாமிக்கு எங்க தெரியும் கண்ணு? அவரு பாட்டுக்கு ரோட்டுல போய்ட்டிருந்தாரு. அழுவுற சத்தம் கேட்டுச்சு. நின்னு, என்னன்னு கேட்டாரு. கேட்டாத்தான தெரியும்?"

அந்த அம்மா பேரனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கால் நகரவில்லை.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை எனக்குத் தெரியாததல்ல. மலைநாட்டுக்குச் சேரமானைப் பார்க்கப் போகிற வழியில் சுந்தரர் இந்தத் திருப்புக்கொளியூர்த் தெருவில் வருகிறார். அவிநாசியின் பழைய பெயர் அது. ஒரு வீட்டில் மங்கல வாத்தியம். நேர் எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து குளிக்கப் போய், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்றைக்குப் பூணூல் கல்யாணம். தங்கள் பிள்ளையும் இருந்தால் இதே நாளில் நடந்திருக்குமே என்று எதிர் வீட்டார் அழுகிறார்கள். வந்திருப்பது சுந்தரர் என்று தெரிந்ததும் அந்தத் தாயும் தகப்பனும் துக்கத்தை மறைத்துக்கொண்டு முகமலர்ந்து வந்து வணங்குகிறார்கள். மகனை இழந்தது நீங்கள்தானா என்று கேட்கிறார். அது முன்னமே நடந்து முடிந்தது, உங்களைக் கும்பிட வேண்டும் என்ற எங்கள் அன்பு பழுதாகாமல் நீங்கள் எழுந்தருளினீர்களே என்கிறார்கள். அந்த அன்பு தாங்காமல்தான் அவர் மடு எங்கே என்று கேட்டுப் போய், கரையில் நின்று "எற்றான் மறக்கேன்" என்று பதிகம் தொடங்குகிறார். நாலாவது பாட்டில் "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே" என்றதும், போன வருடங்களின் வளர்ச்சியோடு பிள்ளை கரைக்கு வருகிறான்.

இந்தக் கதையில் எல்லோருக்கும் முதலைதான் பிடிக்கும். எனக்கு எப்போதும் அந்தத் தாய் தகப்பன்தான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்திலும் வந்தவரை முகமலர்ந்து வாங்க என்று கேட்டார்களே, அதல்லவா அன்பு என்று மகளுக்கும் சொல்லி வளர்த்தேன். மூன்று வருடமாக இந்தக் கதையை மனசில் ஒரு கோல் போல வைத்துக்கொண்டு நங்கையை அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த விளக்குத்தூண் அடியில்தான் உறைத்தது. அவர் அந்தத் தாயைப் போல இல்லையே என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அதே கதையில் தெருவில் நின்றவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியாமல் போயிற்று. நங்கையின் முகம் அன்றைக்கு ஏன் அப்படி இருந்தது? நான் கேட்கவே இல்லை.

உள்ளே குருபூஜை. சுந்தரருக்கு அபிஷேகம் முடிந்து வெண்பட்டு சாத்தியிருந்தார்கள். ஓதுவார் குறிஞ்சிப் பண்ணில் பதிகத்தை எடுத்தார். இந்த ஆடிச் சுவாதியில்தான் அவர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை ஏறிக் கயிலை போனார். அவிநாசி அந்தக் கடைசிப் பயணத்து ஊர். கயிலைக்குக் கிளம்பிய பயணத்திலும் எதிர் வீட்டு அழுகை காதில் விழுந்ததும் நின்றிருக்கிறார். ஓதுவார் "எழுமைக்கும் எம்பெருமானையே" என்று இழுத்தபோது என்னைச் சுற்றி நின்ற எல்லோருடைய உதடும் அசைந்தது. கருணாம்பிகை இங்கே சுவாமிக்கு வலப்பக்கம் இருக்கிறாள். அவள் முன்னால் நிற்கும்போது எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கன்னத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவள் சேவூர் பஸ்ஸில் ஏறினேன். வழியில் குட்டைகளில் தண்ணீர் நின்றது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024இல் தொடங்கிய பிறகு 1045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்று உபரி நீரைக் கொண்டுவருகிறார்கள். அப்பா காலத்திலிருந்து அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்ட தண்ணீர். நான் பிறந்த ஊர்க் குட்டையில் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதில் கொக்கு நின்றிருந்தது. இதைக்கூட மூன்று வருடமாக வந்து பார்க்காமல் இருந்துவிட்டேன்.

காட்டுவேலிகளுக்கு நடுவே போகும் இட்டாரியில் நடந்து போய் வாசலை அடைந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணன் வண்டியைக் காணோம். நங்கை கட்டுத்தரையில் இருந்தார், சேலையை இழுத்துச் செருகி, கையில் பக்கெட்டோடு. முடி முன்னைவிட நிறைய நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அப்படியே நின்றார். நான் நினைத்தபடி "வாங்க" வரவில்லை.

"மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டலீங்க" என்றார்.

பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் கிடந்த இன்னொரு பக்கெட்டை எடுத்தேன். மொண்டேன். தாழியில் ஊற்றினேன். மயிலைப் பசு தலையை ஆட்டிவிட்டு மூக்கை முக்கியது. அவர் ஒரு பக்கெட், நான் ஒரு பக்கெட். இரண்டாம் நடைக்கு மொள்ளும்போது கேட்டேன்.

"நங்கை, கல்யாணத்துக்கு அழைக்க வந்தமே, அன்னைக்கு உங்களுக்கு என்னாச்சுங்க?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தாழியில் தவிட்டைக் கொட்டிக் கையால் கலக்கினார். கலக்கிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னது அவருடையது, இங்கே எழுத மாட்டேன். கேட்டு முடித்தபோது என் பக்கெட் கையிலேயே இருந்தது, வாயில் ஒரு வார்த்தை இல்லை. பசு குடித்துவிட்டுத் தாழியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னொரு பக்கெட் குடிக்குமுங்க அது" என்றார் நங்கை, மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டே. தொட்டியில் மொண்டு தூக்கினேன். நிறையத் தளும்பியது. அவர் வந்து கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.