மூன்று மலைத் தேயிலையும் எங்கள் வீட்டு போர் தண்ணீரும்

முதல் நாள் நான் போட்டதை கிரீன் டீ என்று சொல்ல முடியாது. பால் டீ போடுகிற பழக்கத்தில், கொதிக்கிற தண்ணீரில் இலையைக் கொட்டி ஐந்து நிமிடம் அடுப்பிலேயே விட்டுவிட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்குடா ஜுரம்?" என்று கேட்டார்.

அப்புறம்தான் ஒழுங்காக இறங்கினேன். கோத்தகிரி, டார்ஜிலிங், இமாச்சலத்துக் காங்ரா என்று மூன்று மலை இலை, தலா 50 கிராம். நிறுப்பதற்கு எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைத் தராசு. வெள்ளி நிறுக்கிற தட்டில் தேயிலையை வைத்ததும் பட்டறைப் பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று மூன்று கிராமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரு பொட்டலத்துக்கு 150 மி.லி. தண்ணீர், 80 டிகிரி சூடு, 2 நிமிடம். கொதிநீரை அப்படியே ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு இறங்கிவிடும். சூட்டைக் குறைக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். டபராவுக்கும் தம்ளருக்குமாக மூன்று முறை ஆற்றினால் போதும். தெர்மாமீட்டரை விட்டும் பார்த்துவிட்டேன், எங்கள் வீட்டு டபராவில் சரியாக 80க்கு வருகிறது.

ஆனால் மூன்றும் ஒரே ருசி! பழுப்பு நிறம், மேலே எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு ஆடை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டும்போதுதான் உறைத்தது. எங்களுடையது போர் தண்ணீர், நல்ல உப்பு. அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை. நிறம் கறுப்பதும் அதனால்தான். மாநகராட்சிக் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீருக்கு மாறியதும் நிறம் தெளிந்தது. ருசி பாதிதான் தேறியது.

சரி என்று பொட்டலங்களோடு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி சித்தப்பா வீடு. அவர் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். "காபி விளையுற ஊருக்கு டீயைத் தூக்கிட்டு வந்திருக்கியேடா" என்றார். நியாயம்தான், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலைக்குக் காபிதான்.

வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்பதால் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிட்டது. இரண்டு ஆற்று போதுமானதாக இருந்தது.

அன்றைக்குத்தான் மூன்றும் மூன்றாகத் தெரிந்தன. கோத்தகிரி இலை சுருள் பிரிந்ததும் அவரைக்காய் வேகிற வாசம், குடித்தால் நல்ல கனம். டார்ஜிலிங் வெளிர் மஞ்சள். பூ வாசம் தூக்கலாக இருந்தாலும் விழுங்கியதும் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுக்கிறது. அந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முதல் பறிப்புக் கறுப்புத் தேயிலை, அதையே வாங்கியிருக்கலாம்.

காங்ராவைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சீன விதை போட்டு வளர்த்த தோட்டங்கள் அவை, 1905 நிலநடுக்கத்தில் நொடித்துப்போனவை என்று மட்டும் படித்திருந்தேன். சின்னச் சின்ன இலை. முதல் வாய் சப்பென்றுதான் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்த பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் தொண்டையில் ஒரு தித்திப்பு ஏறியது. அதே இலையில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியபோது இன்னும் நன்றாக இருந்தது. சித்தப்பாவும் ஒரு தம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, மேலே ஒரு காபியும் குடித்தார்.

என் வரிசையில் காங்ரா முதல், தினப்படிக்குக் கோத்தகிரி.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு தப்பு செய்தேன். சித்தப்பா கொடுத்த மிளகை, மீதி காங்ரா இருந்த அதே பையில் போட்டுக் கட்டிவிட்டேன். தேயிலை பக்கத்திலிருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது தெரிந்தும்தான். மறுநாள் மேட்டூர் தண்ணீரில் போட்டால் ஒரே மிளகு நெடி.

அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, "இது ஜுரத்துக்கு ஆகும்டா, எடுத்து வை" என்றார்.